சிவப்புக் கோடு

ராகேஷ் வீட்டுக்குள் செருப்பு போட்டிருந்தான்.

சங்கமித்ரா அதை முதலில் காதால்தான் அறிந்தாள். காலைத் தூக்கம் கலையாமல் படுத்திருந்தவளுக்கு, சமையலறையிலிருந்து கூடத்துக்கு வந்த அந்தச் சத்தம் முன்பின் தெரியாத ஆள் ஒருவர் வீட்டுக்குள் நடமாடுவதுபோல் இருந்தது. சப், சப், சப். ரப்பர் தரையில் ஒட்டிப் பிரியும் சத்தம். எழுந்து வந்து பார்த்தாள். அவன்தான். புது நீலச் செருப்பு. காபி வாசனையை மீறி அதன் ரப்பர் வாசனை கூடம் முழுக்க இருந்தது.

காஸ் சிலிண்டர் கொண்டுவருபவரைக்கூட வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்கிறவன் அவன்.

"என்ன இது, வீட்டுக்குள்ள?"

"குதிகால் வலி மித்ரா. வெறுங்காலோட தரையில நிக்காதேன்னு டாக்டர் சொன்னாரு."

"எந்த டாக்டர்? எப்ப போனீங்க?"

"கம்பெனிக்கு வர்ற டாக்டர்தான். சும்மா கேள்வி கேக்காத, காபி ஆறுது பாரு."

சொல்லிக்கொண்டே பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாயை மூடினான். தோளில் கிடந்த துண்டின் நுனியால் பிடித்து மூடினான். கை ஈரமாக இருந்திருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இருவருக்கும் நகரத்துக்கு வெளியே பொம்மசந்திராவில் ஒரே கம்பெனியில் வேலை. கீசர் செய்யும் சிறிய கம்பெனி. அவன் தயாரிப்புக்குப் பொறுப்பு. அவள் பாதுகாப்புச் சோதனை. வீடு இருந்த அல்சூரிலிருந்து தினமும் அவன் பைக்கில் ஒன்றாகப் போய் ஒன்றாக வருவார்கள்.

அவளுடைய வேலையை ஒரு திருகில் சொல்லிவிடலாம். கீசருக்குள் எங்காவது மின்சாரம் கசிந்து அதன் இரும்பு உடம்புக்கு வந்துவிட்டால், தொடுகிறவர் வழியாகத்தான் அது மண்ணுக்குப் போகப் பார்க்கும். அதற்கு வேறு வழி கொடுப்பதற்காகத்தான் பச்சைக் கம்பி, எர்த். அந்தக் கம்பியை ஒரு திருகு கீசரின் உடம்போடு பிடித்திருக்கும். ஆனால் உடம்பின் மேல் பெயிண்ட் இருக்கிறது. பெயிண்ட் மின்சாரத்தை விடாது. அதனால் திருகுக்கு அடியில் ஒரு பல் வாஷர் போடுவார்கள். சுற்றிலும் கூரான பற்கள் கொண்ட சின்ன வளையம். முறுக்க முறுக்க அந்தப் பற்கள் பெயிண்டைக் கடித்துக் கிழித்து இரும்பைத் தொடும். முறுக்கி முடித்த பிறகு சங்கமித்ரா சிவப்புப் பெயிண்ட் பேனாவை எடுத்துத் திருகின் தலையிலிருந்து உடம்பு வரைக்கும் ஒரு கோடு இழுப்பாள். திருகு அசைந்தால் கோடு உடைந்துவிடும். கோடு முழுசாக இருந்தால், அவள் பார்த்திருக்கிறாள், பயமில்லை என்று அர்த்தம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ராகேஷ்தான் கேட்டான், எதற்கு இந்தக் கோடு என்று. யாரிடமும் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள், அன்று கேன்டீன் மணி அடித்ததுகூடத் தெரியாமல் பேசினாள். பல் வாஷரை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். அவன் கடைசிவரை கேட்டுவிட்டு நெற்றியை நீட்டினான்.

"எனக்கும் ஒரு கோடு போட்டுடுங்க மேடம். டைட் ஆயிட்டேன்."

அசெம்பிளி லைனில் இருந்த மரியா விழுந்து விழுந்து சிரித்தாள். மறு வருடம் கல்யாணம்.

கல்யாணத்துக்குப் பிறகு அவர்களுக்குள் வந்த ஒரே பெரிய சண்டையும் அந்த வாஷரால்தான். போன மாதம் லாரியில் ஏற்ற இருந்த கீசர்களில் ஒன்றை அவள் திறந்து பார்த்தாள். வாஷர் இல்லை. அடுத்ததிலும் இல்லை. வாஷர் வந்து சேரவில்லை என்று லைனை நிறுத்தாமல் ஓட்டியிருந்தான் ராகேஷ். அந்த லாரிக்கான மொத்த லாட்டையும் அவள் நிறுத்திவிட்டாள். முதலாளி எல்லோர் முன்னாலும் அவனைப் பேசினார். அன்று ஹோசூர் ரோடு முழுக்க அவன் பைக்கை விரட்டினான். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஒன்றே ஒன்று சொன்னான்.

"என்னைத் தனியா கூப்ட்டு சொல்லியிருக்கலாம் நீ."

சில நாள் போயின. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த லாட்டில் ஒரு கீசரைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி வந்தான். எல்லாவற்றுக்கும் வாஷர் போட்டாகிவிட்டது என்றான். "நம்ம வீட்லயே மாட்டுறேன். இப்பவாவது நம்புவியா?" பழைய கீசரைக் கழற்றி, புதியதை அவனே மாட்டினான். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். தவறு செய்தவன் திருத்திக்கொண்டதோடு, அதைத் தன் வீட்டுச் சுவரிலேயே மாட்டி நிரூபிக்கிறான். திங்கட்கிழமை கம்பெனியில் அவன் எடுத்துக் காட்டிய கீசரைத் திறந்து பார்த்தாள். வாஷர் இருந்தது. லாட்டை விடுவித்தாள்.

செருப்புச் சத்தம் அந்தத் திங்கட்கிழமைதான் தொடங்கியது. அவள் இரண்டையும் சேர்த்து நினைக்கவில்லை.

பிறகு குழாய். பாத்திரம் கழுவும்போது விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. கையை எடுத்தால் இல்லை. தொட்டால் மறுபடியும் மெல்ல, தோலுக்கும் எலும்புக்கும் நடுவில், ஆயிரம் கால்களோடு ஏதோ ஒன்று புறங்கை வரைக்கும் ஏறிவந்து நின்றது.

"குழாயில கரண்ட் வருதுங்க."

"உனக்குக் காபி டம்ளர்லயும் கரண்ட் வரும். வீட்டுக்கு வந்தும் டெஸ்டிங்கா?" சிரித்தான். ஆனாலும் மறுநாளே ஒரு பொட்டலத்தோடு வந்தான். உள்ளே அவளுக்கும் ஒரு ஜோடி செருப்பு. அக்குபிரஷர் செருப்பு, பாதம் படுகிற இடம் முழுக்கச் சின்னச் சின்ன ரப்பர் குமிழ்கள். "இதைப் போட்டுக்கோ. கரண்ட்டும் வராது, கால் வலியும் வராது. உன் பயமும் போச்சு, என் பேஜாரும் போச்சு."

குனிந்து அவனே மாட்டிவிட்டான். யாரும் அதுவரை அவள் காலைத் தொட்டு எதையும் மாட்டிவிட்டதில்லை. கூச்சத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டாள். குதிகாலுக்கு அடியில் ஒரு குமிழ் மட்டும் மற்றவற்றைவிடக் குளிர்ச்சியாக இருந்தது. இந்த மாதிரிச் செருப்புகளில் காந்தம் வைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள்.

சனிக்கிழமை அவளுக்குக் காய்ச்சல். அவன் மட்டும் கிளம்பினான்.

"தலைக்குக் குளி. சுடச்சுட. எல்லாம் இறங்கிடும். கீசர் போட்டு வெச்சிருக்கேன், விளாவறதுக்குப் பக்கெட்ல தண்ணியும் பிடிச்சு வெச்சிட்டேன்." கதவருகில் நின்று திரும்பினான். "செருப்பைப் போட்டுக்கிட்டுப் போ. பாத்ரூம் வழுக்கும்."

மாத்திரை போட்டுத் தூங்கிப்போனாள். இடையில் செல்போன் அதிர்ந்தது. குளிச்சியா? பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம். பதில் போடாமல் மறுபடி தூங்கினாள். திரும்ப விழித்தபோது சாயங்காலமாகியிருந்தது. அல்சூர் ஏரிப் பக்கமிருந்து மேகம் இறங்கி ஜன்னல் கறுத்துக் கிடந்தது. மழையின் முதல் கனத்த துளிகள் பக்கத்து வீட்டுத் தகரத்தில் விழ, ஈர மண்ணின் வாசனையோடு கீழ்த்தளத்து மிளகாய்த் தாளிப்பும் சேர்ந்து வந்து மூக்கடைப்பையும் தாண்டி நெஞ்சைக் கமறவைத்தது. செல்போனில் இன்னும் இரண்டு.

குளிச்சியா மித்ரா?

குளிச்சிட்டு சொல்லு.

அக்கறை, என்று நினைத்தாள். ஆனால் அந்த வரியை இரண்டாம் முறை படித்தபோது கழுத்துக்குப் பின்னால் ஏதோ சில்லென்றது.

கஷாயத்துக்குத் தண்ணீர் வைக்கச் சமையலறைக்குப் போனாள். ஜன்னல் வழியே சாரல் அடித்துத் தரை நனைந்திருந்தது. செருப்போடு அந்த ஈரத்தில் நின்று குழாயைத் தொட்டாள்.

இந்த முறை எறும்பு இல்லை. முழங்கை வரைக்கும் யாரோ உள்ளிருந்து பிடித்து இழுத்தார்கள். கை தானாக உதறிக்கொண்டு வந்தது. பாத்திரம் தொட்டிக்குள் விழுந்து வெகுநேரம் அதிர்ந்தது.

அவள் கையைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள்.

ரப்பர் செருப்பு. ரப்பர் மின்சாரத்தைத் தரைக்கு விடாது. செருப்பு போட்டிருந்தால் இவ்வளவு தெரியக் கூடாது. இயற்பியல் முதல் வருடப் பாடம். காய்ச்சலில் உடம்பு ஏமாற்றுகிறது என்று சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே டெஸ்டரைத் தேடி எடுத்தாள். குழாயில் வைத்தாள். டெஸ்டரின் கண்ணாடி வயிற்றுக்குள் சின்ன ஆரஞ்சு வெளிச்சம் எரிந்தது. குழாயை ஒட்டியிருந்த பாத்திர ஸ்டாண்டில் வைத்தாள். எரிந்தது. ஸ்டாண்டு சாய்ந்திருந்த ஜன்னல் கம்பியில் வைத்தாள். எரிந்தது. இருட்டிக்கொண்டு வரும் அந்தச் சமையலறையில், அவள் தினமும் தொடும் ஒவ்வொன்றும் டெஸ்டர் பட்டதும் ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

குளியலறைக்குப் போனாள். கீசரிலிருந்து இறங்கும் குழாய். அங்கே வெளிச்சம் மிகப் பிரகாசமாக இருந்தது.

அவனுக்குத் தெரிந்திருக்காது. அதுதான் முதலில் தோன்றியது. பாவம், இதே வீட்டில்தானே அவனும் குளிக்கிறான்.

நீலச் செருப்போடு.

துண்டின் நுனியால் குழாயை மூடிக்கொண்டு.

கூடத்துக்கு வந்தாள். மீட்டர் பலகையில் டிரிப் சுவிட்ச் இருந்தது. யாருக்காவது ஷாக் அடித்தால் அந்த நொடியே வீட்டு மின்சாரத்தை வெட்டிவிடும் சுவிட்ச். இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது அவள் பிடிவாதம் பிடித்து வைக்கச் சொன்னது. கீசர் மாட்டிய அன்று அது இரண்டு மூன்று முறை தானாக விழுந்தது. "மழை ஈரம், சரி பண்ணிட்டேன்" என்று ராகேஷ் சொன்ன பிறகு விழவே இல்லை. அதில் சோதித்துப் பார்க்க ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அழுத்தினால் டப்பென்று விழ வேண்டும்.

அழுத்தினாள்.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

மறுபடி அழுத்தினாள். கட்டை விரல் வெளுக்கும் வரை அழுத்திக்கொண்டே நின்றாள். எதுவும் விழவில்லை.

மெயினை அணைத்தாள். ஃபிரிட்ஜின் முனகல் நின்றது. வீடு இருட்டாகி, மழை அறைக்குள்ளேயே பெய்வதுபோல் கிட்டே வந்தது.

பிளாஸ்டிக் முக்காலியைக் குளியலறையில் போட்டு ஏறினாள். அதை ஒட்டிக் கீழே ராகேஷ் காலையில் பிடித்துவைத்த தண்ணீர், பக்கெட்டின் விளிம்பு வரைக்கும் அசையாமல் கறுப்பாக இருந்தது. வெளிச்சம் போட்ட செல்போனைப் பல்லில் கடித்துக்கொண்டு கீசரின் அடி மூடியைக் கழற்றினாள். சூடான வெள்ளைப் பெயிண்ட்டின் வாசனை முகத்தில் அடித்தது. பச்சைக் கம்பி. திருகு. திருகின் மேல் சிவப்புக் கோடு. முழுசாக, உடையாமல்.

ஒரு மூச்சு விட்டாள். பிறகு உற்றுப் பார்த்தாள்.

அவளுடைய கோடு எப்போதும் கடைசியில் கொஞ்சம் வளையும். கை எடுக்கும்போது வருவது. மரியா அதை "மேடத்தோட வால்" என்று கேலி செய்வாள். இந்தக் கோடு நேராக இருந்தது. ஸ்கேல் வைத்ததுபோல்.

திருகுக்கு அடியில் வாஷர் இல்லை. பெயிண்ட் பளபளவென்று, ஒரு கீறல்கூட இல்லாமல், முழுசாக இருந்தது. உள்ளே கசிகிற மின்சாரத்துக்கு அந்தப் பச்சைக் கம்பி வெறும் அலங்காரம்.

முக்காலியில் நின்றபடியே மரியாவைக் கூப்பிட்டாள். லிங்கராஜபுரத்தில் மரியாவின் வீட்டில் டிவி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது.

"மேடம்! ஜுரம் எப்படி இருக்கு?"

"மரியா, அந்த லாட்டுக்கெல்லாம் வாஷர் போட்டீங்களா?"

"எந்த வாஷர்?"

"பல் வாஷர். எர்த் ஸ்க்ரூவுக்கு."

"அது நீங்கதானே வேணாம்னு சொன்னீங்க?" மரியா டிவியைக் குறைத்தாள். "இந்தப் பெயிண்ட்டுக்குத் தேவையில்ல, மேடமே செக் பண்ணிட்டாங்கன்னு சார் சொன்னாரே. கோடுகூட அவரே உக்காந்து போட்டாரு, உங்க பேனாவால. உங்களுக்கு வேலை மிச்சமாம். நான்கூட சொன்னேன், பொண்டாட்டி மேல இவ்ளோ பாசமான்னு."

"லாட் எங்க?"

"லாரி எப்பவோ போயிடுச்சே மேடம். ஏன், என்ன ஆச்சு?"

சங்கமித்ரா மறுபடியும் அந்தக் கோட்டைப் பார்த்தாள். எத்தனை குளியலறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புக் கோடு. பார்த்தேன், பயமில்லை.

"வாஷர் டப்பா அப்படியே ஸ்டோர்லதான் இருக்கு மேடம். நான் தொடவே இல்ல. சார்தான் ஒரே ஒரு கீசர்ல ஒண்ணு மாட்டிப் பாத்தாரு, அப்புறம் ரெண்டே ரெண்டு எடுத்துக்கிட்டாரு. வீட்டுக்கு வேணும்னு."

"ரெண்டா?"

"ரெண்டு. வீட்ல வேலை இருக்குன்னாரு. மேடம்? கேக்குதா?"

இணைப்பைத் துண்டித்தாள். கீசருக்கு ஒன்று போதும். அந்த ஒன்றும் இங்கே இல்லை. அப்படியானால் இரண்டு எதற்கு? தலை சுற்றியது. சாய்ந்துவிடாமல் கீசரின் உடம்பை ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது, உயிருள்ள ஒன்றைப்போல்.

வாசல் பூட்டில் சாவி நுழைந்தது.

அவள் செல்போன் வெளிச்சத்தை அணைத்தாள். ஏன் என்று தெரியவில்லை. இரண்டு வருடமாக அந்தச் சாவிச் சத்தத்துக்கு எழுந்து ஓடியவள்தான்.

கதவு திறந்தது. மழை ஒரு கணம் பெரிதாகக் கேட்டு அடங்கியது. ஷூவைக் கழற்றும் சத்தம். ஒன்று. இன்னொன்று. ரெயின்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம். பிறகு எதுவும் இல்லை. நின்று கேட்கிறான்.

அவள் பெயரைக் கூப்பிடவில்லை.

வீடு இருட்டாக இருக்கிறது. காய்ச்சலில் கிடந்த பெண்டாட்டி எங்கே என்று தெரியாது. மித்ரா என்று ஒரு குரல் கொடுக்கலாம். கொடுத்திருந்தால் அவள் அழுதுகொண்டே இறங்கி ஓடியிருப்பாள். வாஷரை மறந்திருப்பாள். லாரியைக்கூட மறந்திருப்பாள்.

சப்.

செருப்பைப் போட்டுக்கொண்டுவிட்டான்.

சப். சப். சப். படுக்கையறை வாசல் வரைக்கும். நின்றது. காலிக் கட்டிலைப் பார்க்கிறான். திரும்பியது. குளியலறைப் பக்கம் வந்தது. பாதிச் சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம், ஒரு கை தூரத்தில், அவன் மூச்சு. ரப்பர் வாசனை.

அவள் மூச்சை அடக்கினாள். முக்காலி லேசாக ஆடியது. வலது செருப்பு காலைவிட்டு நழுவியது. பிடிக்க விரலை மடக்கினாள். முடியவில்லை. பக்கெட் தண்ணீரில் விழுந்தது. மெல்லிய சத்தம்தான், சொம்பைத் தண்ணீரில் விட்டதுபோல்.

"குளிக்கிறியா?" என்றான். மெதுவாக. கிட்டத்தட்டப் பிரியத்தோடு.

அவள் கீசரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இருட்டுல என்ன பண்ற? மெயின் விழுந்துடுச்சு போல." ஒரு சின்ன இடைவெளி. "பயப்படாத. போட்டு விடறேன்."

சப். சப். சப். கூடத்துக்கு.

கையை எடு.

கீசரிலிருந்து கையை எடு.

எடுத்தாள்.

டக்.

வெளிச்சம் வந்தது. முகத்துக்கு நேரே கீசரின் சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே தண்ணீர் முனகத் தொடங்கியது. பிடிக்க எதுவும் இல்லை. குழாய் இரும்பு. கொக்கி இரும்பு. கதவுத் தாழ்ப்பாள் இரும்பு. ஆடும் முக்காலியில், ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுமையுமாக, கைகளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு நின்றாள். செருப்புச் சத்தம் திரும்பி வந்துகொண்டிருந்தது.

அவள் கீழே பார்த்தாள்.

பக்கெட்டில் அவளுடைய செருப்பு மிதந்துகொண்டிருந்தது, அடிப்பக்கம் மேலாக. விளிம்பைத் தொட்டு மெல்லச் சுற்றியது. குதிகால் இடத்தில், மேலே அந்தக் குளிர்ந்த குமிழ் வரைக்கும் ரப்பருக்குள் அமிழ்த்தி முறுக்கிய ஒரு திருகு பளபளத்தது. அதற்கு அடியில், எல்லாப் பற்களாலும் ரப்பரைக் கடித்துக்கொண்டு, ஒரு பல் வாஷர்.

திருகின் தலையிலிருந்து ரப்பர் வரைக்கும், நேராக, முழுசாக, சிவப்புக் கோடு.